உள்ளான் வேட்டையில் நான் சுட்டது

எழுபதுகளின் தொடக்கம். தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மன்னார்குடிக்குக் கிழக்கே, சைக்கிளில் போனால் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஓர் ஊரில் நடந்தது இது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ரெவின்யூ இலாகாவில் சேர்ந்து மூன்றாவது வருடம். அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் நிலத்துக்காரர் நினைத்த மாத்திரத்தில் குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது. அதனால் ஊருக்கு ஊர் புகைந்துகொண்டிருந்தது. 'எங்கள் நிலத்தில் குத்தகையே கிடையாது, எல்லாம் சொந்தப் பண்ணை' என்றார்கள் மிராசுதார்கள். 'எங்க அப்பன் காலத்திலேர்ந்து நாங்கதான் உழுவுறோம்' என்றார்கள் உழுகிறவர்கள். அதைக் காட்ட அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர் சங்கம் வேறு சாலைக்குச் சாலை சிவப்புக் கொடி நட்டிருந்தது. அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்புதான் கீழத்தஞ்சையில் நடக்கக் கூடாததெல்லாம் நடந்திருந்தது. எங்கே சின்னதாகச் சத்தம் கேட்டாலும் போலீஸ் வேன் வந்து நிற்கிற காலம்.

வயல் வயலாகப் போய், அக்கம்பக்கம் விசாரித்து, எதை யார் சாகுபடி செய்கிறார் என்று முதல் நகல் எழுதுவது என் வேலை. தாசில்தார் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பெரும்பாலும் நான் எழுதியதுதான் நிற்கும். அந்த வயதில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. பாரமாகத் தோன்றியதில்லை.

அந்த ஊரில் பாதி நிலம் ஒரே மிராசுதாருக்கு. ஐம்பது வயதிருக்கும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு, அடங்கல் என்கிற சாகுபடிக் கணக்கின் நகல்களைச் சரிபார்க்கப் போயிருந்தேன். கூடத்துச் சுவரில் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"துப்பாக்கி பழக்கம் உண்டா தம்பி?"

கல்லூரியில் சுடும் பயிற்சியில் கோப்பை வாங்கியவன் என்று சொன்னேன். அது சின்ன ரைபிள், நட்டுவைத்த அட்டையைச் சுட்டது என்பதைச் சொல்லவில்லை.

"அப்படிப் போடுங்க. ஞாயித்துக்கெழம உங்களுக்கு லீவுதானே? காலையில வந்துடுங்க. இந்த வருஷம் உள்ளான் நெறைய எறங்கியிருக்கு. பங்குனி பொறந்துட்டா ஒண்ணக்கூடப் பாக்க முடியாது."

உள்ளான் நம் ஊர்ப் பறவை இல்லை. ஐப்பசி மழையோடு வடக்கேயிருந்து வரும், வெயில் ஏறியதும் போய்விடும். கைக்குள் அடங்குகிற உடம்பு, அதற்குப் பொருந்தாத நீள அலகு. முதுகு அப்படியே சேறும் வைக்கோலும் கலந்த நிறம். காலடியில் இருந்தால்கூடத் தெரியாது. நாம் மிதிக்கப்போகிற கடைசி நொடியில் 'கிரீச்' என்று கத்திக்கொண்டு கிளம்பும். நேராகவும் பறக்காது. இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் போகும். அதைச் சுட்டு வீழ்த்துவதுதான் துப்பாக்கிக்காரனுக்குக் கௌரவம். வெள்ளைக்காரத் துரைகள் அதற்கென்றே இந்தப் பக்கம் முகாம் போடுவார்கள் என்றும், தன் தகப்பனார் அவர்களோடு போயிருக்கிறார் என்றும் மிராசுதார் சொன்னார்.

விசாரணைக்குப் போகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே என்று தாசில்தார் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அடுத்து வரும் புதன்கிழமை அதே மிராசுதாரின் நிலங்களில்தான் எனக்கு விசாரணை. எல்லாம் தெரிந்துதான் ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சைக்கிளில் போய் இறங்கினேன். லீவு நாளில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டுப் பேர் தயாராக நின்றார்கள். ஏழு பேர் பண்ணையாட்கள். எட்டாவது ஆள் கொஞ்சம் தள்ளி நின்றார். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, தலையில் துண்டு. அவர்கள் கையில் அறுபது எழுபது கஜ நீளத்துக்கு ஒரு கயிறு. பக்கத்துக்கு நான்கு பேராகப் பிரிந்து கயிற்றைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு நடப்பார்கள். கயிறு உரசியதும் உள்ளான் எழும்பும். துப்பாக்கிக்காரர் நடுவில், கயிற்றுக்குச் சில அடி பின்னால் வருவார். இதற்குக் கூலி கிடையாது. வேட்டை முடிந்ததும் பண்ணை வீட்டில் சாப்பாடு. 'கூலியில்லாத வேலைக்கு இந்த வருஷம் யாரும் போகக் கூடாது' என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வடிகால் வாய்க்காலை ஒட்டி நடந்தோம். சம்பா அறுத்த தாழ்வான வயல்கள். தாளும் சேறும், நடுநடுவே கோரை. கயிற்றின் வலது கோடி மட்டும் மேட்டு வயல்கள் வழியாகப் போயிற்று. அங்கே அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து தாளுக்கிடையில் முளைத்து இரண்டு மூன்று இலை விட்டிருந்தது. கயிறு அதன் மேல்தான் இழுபட்டுப் போனது. யாரும் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை.

மிராசுதார் ஐந்து தோட்டாவில் மூன்று பறவை வீழ்த்தினார். பிறகு துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

"எதுக்க போறதத்தான் சுடணும் தம்பி. பக்கத்துல திரும்பிடுச்சின்னா விட்டுடணும். ஆள் நிக்கிறாங்க."

புரிந்தது என்று தலையாட்டினேன். முதல் பறவைக்குச் சுட்டேன், தவறியது. இரண்டாவதும் தவறியது. யாரும் சிரிக்கவில்லை. ஆனால் எனக்குக் காது சூடேறியது. கோப்பை வாங்கிய கதையை அளந்திருந்தேனே.

மூன்றாவது உள்ளான் எனக்கு நேர் எதிரே எழும்பியது. எழும்பிய வேகத்தில் வலப்பக்கம் வெட்டியது. குழலும் அதோடு திரும்பியது. என் கண்ணில் பறவை மட்டும்தான் இருந்தது. சுட்டேன்.

பறவை போய்விட்டது. வலது கோடியில் அந்த எட்டாவது ஆள் குந்தி உட்கார்ந்திருந்தார்.

வரிசையில் மற்றவர்கள் நின்ற இடத்தைவிட அவர் நாலைந்து அடி முன்னால் இருந்தார். அவர் பக்கத்துக் கயிறு தரையில் இல்லை. முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடியதில்தான் என் குழலுக்கு நேரே வந்துவிட்டார். அவர் கத்தவில்லை. ஒரு கையால் முகத்தைப் பொத்தியிருந்தார். விரலிடுக்கில் ரத்தம். இன்னொரு கை கயிற்றை அப்போதும் விடவில்லை.

நான் ஓடியிருக்க வேண்டும். துப்பாக்கியைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றேன். மிராசுதார் வந்து துப்பாக்கியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். ஆட்களிடம் வண்டியைப் பூட்டச் சொன்னார். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்:

"சுட்டது நான். லைசென்ஸ் என் பேர்ல இருக்கு, கை தவறிடுச்சின்னு சொல்லிக்கிறேன். நீங்க இங்க வரவே இல்ல. சைக்கிள எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க தம்பி."

நான் கிளம்பினேன்.

இத்தனை வருடங்களில் இந்தக் கதையை நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடப் பார்ப்பேன். அதனால் இங்கே நிறுத்திச் சொல்கிறேன். அவரை வண்டியில் ஏற்றும்போது நான் உடன் இல்லை. ஒரு துணியைக்கூடக் கிழித்துக் கொடுக்கவில்லை. மிராசுதார் சொன்னதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாமணி ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரு இடத்தில்கூட இறங்கவில்லை.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் அதே பேச்சு. மிராசுதார் ஒரு சங்கத்து ஆளைச் சுட்டுவிட்டார் என்று மன்னார்குடி வரைக்கும் செய்தி வந்திருந்தது. அந்த ஊரிலும் பக்கத்து இரண்டு ஊரிலும் அறுவடை நின்றுபோய்விட்டது. அரிவாளோடு ஆட்கள் சாலையில் உட்கார்ந்திருக்கிறார்கள், மிராசுதார்கள் பக்கமும் கம்போடு ஆள் சேர்கிறது, ரிசர்வ் போலீஸ் போயிருக்கிறது என்றார்கள். நான் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு எழுத்து மண்டையில் ஏறவில்லை.

பதினோரு மணி வாக்கில் மிராசுதாரே ஆபீசுக்கு வந்தார். ஜாமீன் விஷயமாக வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"ஒண்ணும் கவலப்படாதீங்க. சொன்னா சொன்னதுதான். நான் பாத்துக்கிறேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புதன்கிழம வரப்போ, அந்த வடிகா ஓரத்து மேட்டுல மூணு மா இருக்கு பாருங்க, அதுல குத்தகை யாரும் இல்ல, பண்ணை சாகுபடின்னு எழுதிடுங்க."

"அதை யாராவது கேக்கிறாங்களா?"

"நேத்து அடிபட்டவன்தான்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. குடும்பத்துக்குள் ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்வதுபோலச் சொன்னார். அவர் எனக்காக ஒன்று செய்கிறார், நான் அவருக்காக ஒன்று செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆபீசில் உட்கார முடியவில்லை. மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கண்ணை மூடிக் கட்டு. கன்னத்திலும் தோளிலும் ரவைக் குண்டு எடுத்த இடங்களில் பஞ்சு. கண்ணுக்குள் ஒரு ரவை ஆழமாகப் போயிருக்கிறது, மத்தியானம் தஞ்சாவூருக்கு அனுப்பப்போகிறோம், பார்வை வருவது கஷ்டம் என்று நர்ஸ் சொன்னார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து கழுவிய டம்ளரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"இவருதானே?" என்று கணவரைக் கேட்டார்.

அவர் லேசாகத் தலையசைத்தார். எனக்கு அது போதும். இருவருக்கும் தெரிந்திருக்கிறது.

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா குறுக்கிட்டார். "போவாதீங்க போவாதீங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். சங்கத்துலயும் போவக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. போவலன்னா பண்ணை கோச்சிக்கும், நெலத்தப் புடுங்கிடும்னு போனாரு. இப்ப கண்ணப் புடுங்கிட்டீங்க."

"சும்மா இரு" என்றார் அவர். பிறகு என்னிடம், "போலீசு வந்துச்சிங்க. யாரு சுட்டான்னு கேட்டாங்க. தெரியலன்னுட்டேன். உளுந்தப் பாத்துக்கிட்டிருந்தேன், ஆளப் பாக்கலன்னு சொன்னேன்."

"ஏன்?"

"சங்கத்து ஆளுங்களும் வந்தாங்க. பண்ணைதான் சுட்டுதுன்னு சொல்லு, உள்ள தள்ளிடலாம்னாங்க. அதையும் சொல்லல. பண்ணை சுடலையே."

"என்னைச் சொல்லியிருக்கலாமே?"

அவர் ஒற்றைக் கண்ணை என் பக்கம் திருப்பினார்.

"சொன்னா உங்கள வேலைய விட்டு நிறுத்திடுவாங்க. அப்புறம் புதன்கெழம யாரு வருவா? வர்ற ஆளு பண்ணைக்கி வேண்டப்பட்டவரா இருந்தா? எனக்கு ஒசத்தி எழுத வாணாங்க. உள்ளத எழுதுங்க. அது போதும்."

இதை வேறு யார் வாய்வழியாகவாவது கேட்டிருந்தால், எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்திருப்பேன். எதிரில் உட்கார்ந்து கேட்டதால் புரிந்தது. பெருந்தன்மைக்கெல்லாம் அவருக்கு இடமே இல்லை. கண் போன அன்றைக்கும் ஒரு ஏக்கர் அளவுள்ள அந்த மூன்று மா நிலத்தைப் பற்றித்தான் அவரால் யோசிக்க முடிந்திருக்கிறது. மிராசுதாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவரும் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் என் பேனாவுக்காகத்தான் வாயைக் கட்டியிருந்தார்கள். அந்தப் பேனாவால் நான் எதை எழுதினாலும் அது இனி யோக்கியமாக இருக்காது. அடிபட்டவருக்குச் சாதகமாக எழுதினாலும் பயந்து எழுதியது என்றுதான் ஆகும்.

நேரே தாசில்தாரிடம் போனேன். ரிட்டயர்மெண்டுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர், கறாரானவர். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"மொதல்ல அந்த ஊர் ஃபைலக் கொண்டுவந்து இந்த மேஜைல வையும். இனிமே நீர் அதத் தொடக் கூடாது. அங்க விசாரணைக்கு நானே போறேன்" என்றார். "இப்ப ஸ்டேஷனுக்கு நடந்து போம். சைக்கிள இங்கயே விட்டுட்டுப் போம்."

ஏன் நடந்து போகச் சொன்னார் என்று தெரியவில்லை. நடந்துதான் போனேன். கடைத்தெரு வழியாகப் பத்து நிமிடம். எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைக் கையாண்டது, கவனக்குறைவாகச் சுட்டுக் காயப்படுத்தியது என்று கேஸ் போட்டார்கள். என் அண்ணன் கும்பகோணத்திலிருந்து வந்து ஜாமீன் கொடுத்தார். அன்று சாயங்காலமே சஸ்பென்ஷன் உத்தரவு. ஆபீஸ்காரன் சுட்டான் என்று தெரிந்ததும் சாலையில் உட்கார்ந்திருந்தவர்களின் கோபம் என் பக்கம் திரும்பியது. என்னை ஊருக்குள் விடக் கூடாது என்றார்கள். ஆனால் இரண்டு நாளில் அரிவாள்கள் மறுபடி வயலுக்குப் போயின. கம்போடு வந்தவர்களும் கலைந்தார்கள். அந்த வாரம் அங்கே ஒரு உயிர் போகாமல் இருந்ததற்கு என் வாக்குமூலம் காரணமா, போலீஸ் காரணமா என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குப் பெயர் வாங்கிக்கொள்ள முடியாது.

பத்து நாள் கழித்து வயலிலேயே விசாரணை வைத்தார் தாசில்தார். நானும் சாட்சியாக வர வேண்டும் என்று உத்தரவு. வரப்பில் ஒரு மர நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் மிராசுதாரும் அவர் ஆட்களும். இன்னொரு பக்கம் ஊர்ச் சனம். காயம்பட்டவர் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். அவருக்குப் பதில் அவர் மனைவி வந்திருந்தார்.

மிராசுதார் தரப்பில் பேசியவர், அந்த வயல் பல வருடமாகப் பண்ணை சாகுபடி, அடிபட்டவர் கூலிக்கு வந்து போகிற ஆள் என்றார். அந்த அம்மா, தாங்கள்தான் உழுது நட்டு அறுக்கிறோம் என்றார். சங்கத்துக்காரர்கள் நாலு பேர் அதையே சொன்னார்கள். 'உங்க ஆளு, நீங்க அப்படித்தான் சொல்வீங்க' என்று எதிர்த் தரப்பு மடக்கியது. காகிதம் ஒன்றும் இல்லை. தாசில்தார் என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நீர் பாத்தத மட்டும் சொல்லும்."

நான் பார்த்ததைச் சொன்னேன். முதல் இரண்டு மேட்டு வயலிலும் கயிறு உளுந்தின் மேலேதான் போனது. யாரும் தூக்கவில்லை. காயம்பட்டவரும் தூக்கவில்லை. மூன்றாவதாக இந்த வயலில் நான் சுட்டுவிட்டுப் பார்த்தபோது அவர் மட்டும் கயிற்றை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி வரிசைக்கு முன்னால் இருந்தார்.

தாசில்தார் எழுதுவதை நிறுத்தினார். மிராசுதாரின் ஆட்களைப் பார்த்து, அன்று கயிறு பிடித்தவர்கள் யார் என்று கேட்டார். பண்ணையின் வண்டிக்காரர் முன்னால் வந்தார். பண்ணைச் சோற்றிலேயே வளர்ந்த மனிதர், சங்கத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்.

"நீ யாருக்குப் பக்கத்துல நின்ன?"

"அவனுக்கு அடுத்தாப்புல நின்னேங்க."

"கயித்தத் தூக்கினானா?"

"தூக்குனாங்க."

"அதுக்கு முன்னாடி ரெண்டு வயல்ல தூக்கலையே. இங்க மட்டும் எதுக்குத் தூக்கினான்?"

வண்டிக்காரர் இதென்ன கேள்வி என்பதுபோலத் தாசில்தாரைப் பார்த்தார்.

"வெதச்சவன் தூக்காம இருப்பானுங்களா? மொளச்சி நாலு நாளு ஆன பயிரு. கயிறு பட்டா வேரோட வந்துடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. மிராசுதார் பக்கம் திரும்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தாசில்தார், "சொன்னத அப்படியே எழுதிக்கிட்டேன். இதுல கைநாட்டு வையி" என்றார். வண்டிக்காரர் வைத்தார்.

கலையும்போது மிராசுதார் என் பக்கம் வந்தார். கோபமாகத்தான் இருப்பார் என்று ஒதுங்கினேன்.

"தம்பி, அந்த மூணு மாவுக்காகத்தான் உங்களக் காப்பாத்தப் பாத்தேன்னு நெனைக்காதீங்க. துப்பாக்கிய உங்க கையிலேர்ந்து வாங்கினப்ப எனக்கு நெலம் ஞாபகமே இல்ல. அது மறுநாள் வந்த புத்தி" என்றார். அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ ஒரு வார்த்தையில் சொல்ல என்னால் இன்றைக்கும் முடியவில்லை. அந்த வண்டிக்காரரை அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காயம்பட்டவருக்கு இடது கண் போனது போனதுதான். பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. என் கேஸ் இரண்டு வருடம் நடந்து, அபராதத்தோடு முடிந்தது. வேலை திரும்பக் கிடைத்தது, ஆனால் வேறு ஜில்லாவில், வேறு பிரிவில். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அதில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

காயம்பட்டவரை நான் மறுபடி பார்த்தது அந்த வருடம் ஆனியில். சஸ்பென்ஷனில் சும்மா இருந்த காலம். முதல் முறை போனபோது அவர் மனைவி வீட்டு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை வயலில் அவரைப் பிடித்தேன். குறுவை நாற்றங்காலுக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண் போனபின் மண்வெட்டி விழுகிற இடம் அவருக்குக் கொஞ்சம் தள்ளிப்போயிற்று என்று பார்த்தாலே தெரிந்தது. வெட்டுவார், நிறுத்துவார், காலால் தடவிப் பார்ப்பார், மறுபடி வெட்டுவார்.

என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் விடாமல் கேட்டதும், "ஒண்ணு பண்ணுங்க. எம் பேரு ஏறுன காயிதம் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஏறிடுச்சி ஏறிடுச்சின்னு எல்லாரும் சொல்றாங்க. நான் பாக்கல" என்றார்.

நான் வேலை பார்த்த அதே ஆபீசில், வெளி ஆளாக வரிசையில் நின்று மனுப் போட்டு, பதிவேட்டு நகலை வாங்கினேன். அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வரப்பில் உட்கார்ந்து, காகிதத்தை வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, எழுத்துக் கூட்டி அவர் பெயரைப் படித்தார். பிறகு தகப்பனார் பெயர். பிறகு சர்வே நம்பர். மறுபடி முதலிலிருந்து ஒருதரம் படித்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் கேட்டால் சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆறு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். என்னை மன்னிப்பீர்களா என்று.

காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி என்னைக் கேட்டார்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா எனக்கு என்னங்க வரும்? இல்லன்னு சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார்.

அவர் காலமாகிப் பல வருடம் ஆகிறது. நானும் எண்பதை நெருங்குகிறேன். வாழ்க்கையில் அதற்குப் பிறகும் சிலருக்குத் தவறு இழைத்திருக்கிறேன், மனைவிக்கு, கூட வேலை பார்த்தவர்களுக்கு, ஒரு முறை என் மகனுக்கு. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்க வாய் திறக்கும்போது, இதை அவர்களுக்காகக் கேட்கிறேனா, என் பாரம் இறங்கவேண்டும் என்று கேட்கிறேனா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறேன்.